கட்டைவிரலில் ஒரு கயிறு

வடக்குப்பட்டில் பகல் பதினோரு மணிக்கு ஊரே தூங்கும். கேலிக்குச் சொல்லவில்லை. இரவு ஷிப்ட் முடித்தவர்களைக் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போன பிறகு, அந்த வரிசை வீடுகளில் கதவெல்லாம் சாத்தியிருக்கும். ஜன்னல்களில் லுங்கியோ போர்வையோ தொங்கும். உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் கொடியில் காயும் நீலச் சட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கையைத் தூக்கும், பிறகு ஒன்றாக இறக்கும். வெள்ளை வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால், யாருடைய கனவுக்குள்ளோ செருப்புக் காலோடு நுழைந்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கூச்சமெல்லாம் ஒரு நிமிடம்தான். அப்புறம் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவேன். தட்டுவதுதான் என் வேலை.

ஒரகடத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் கம்பெனி ஆட்களுக்குக் காது எப்படி இருக்கிறது என்று ஓர் ஆய்வு நடந்தது. வீடு வீடாகப் போய்ச் சோதித்துப் பார்க்கும் ஆட்களில் நானும் ஒருத்தி. எந்த வீடு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். நான் போய், காதை முழுக்க மூடுகிற தடித்த ஹெட்போனை ஆள் தலையில் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். உள்ளே சின்னச் சின்னதாகச் சத்தம் வரும். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, கம்பெனிக்குப் பெயர் போகாது. காது மந்தமானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரகடத்திலேயே வாரம் ஒருநாள் காது மருத்துவரை உட்கார வைப்பார்கள், கருவியும் இலவசமாகக் கொடுப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

என் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குன்றத்தூரில் எங்கள் தெருவில் எனக்கு மைக்செட் என்று பெயர். அருள்மேரி என்று கேட்டால் சில பேருக்குத் தெரியாது. நான் அடுப்படியில் பேசினால் மலைக்கோயில் படிக்கட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும் என்பார்கள். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் ஒப்பித்தால் முதல் பெஞ்சுக்கே கேட்காது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த குரல் இது. என் வீட்டுக்காரர் சாலமோன் தங்கமான மனிதர், ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ரொம்ப வருஷமாக இருக்கிறார். ஆனால் எதையும் ஒருமுறை சொன்னால் ஆகாது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அப்படியே உட்கார்ந்திருப்பார். மூன்றாம் தடவை கத்தினால்தான் திரும்பிச் சிரிப்பார். குடும்பம் நடத்தினால் எல்லாருக்கும் இப்படித்தான் தொண்டை வளரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்தபோது, வீட்டில் யாருக்காவது செய்து பழகுங்கள் என்றார்கள். அவரைக் கூப்பிட்டேன். எனக்கு என்ன குறைச்சல் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எதிர்வீட்டு முனியம்மாளை வைத்துத்தான் பழகினேன்.

மாடத்தியைப் பார்த்தது வடக்குப்பட்டு பஸ் நிறுத்தத்தில். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, வயிற்றில் ஏழு மாதம். என் பெட்டியைப் பார்த்துவிட்டு அவளாக வந்து பேசினாள். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டாள். வருவாரா என்பதே கணக்கைப் பொறுத்தது என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவள் வீட்டுக்காரர் இசக்கிதுரைக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை, காது மந்தமாகிவிட்டது. கம்பெனி டாக்டரிடம் காட்டினால் லைனை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயம். சென்னைக்குப் போய்க் காட்டலாம் என்றால் ஒருநாளில் முடிகிற வேலையில்லை, நாலைந்து முறை அலைய வேண்டும், காண்ட்ராக்ட் ஆளுக்கு அத்தனை லீவு யார் கொடுப்பார்கள்? பிள்ளை பிறந்த பிறகு இவள் பகலில் வேலைக்குப் போனால், வீட்டில் இருக்கப் போவது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற அவன் மட்டும்தான்.

"பிள்ளை தொட்டில்ல கிடந்து தொண்டை வத்த அழுதாலும் அவுகளுக்குக் கேக்காதுக்கா. நா யார நம்பி விட்டுட்டுப் போவேன்?" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் உன் வீட்டைச் சொன்னால் வருவேன், அவரைக் கதவைத் திறக்கச் சொல் என்று பின்னாலேயே கத்தினேன். தலையை ஆட்டிக்கொண்டே ஏறிப் போனாள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வரிசை வரிசையாகத் தட்டினேன். கேன்டீன் சமையல்காரர் திறந்தார். வேன் டிரைவர் திறந்தார். செல்போன் பாகம் செய்கிற கம்பெனிப் பெண்கள் ஒரே அறையில் ஆறு பேர், கும்பலாக வந்து திறந்து, எனக்கு எனக்கு என்று ஹெட்போனைப் பிடுங்கினார்கள். எல்லாருக்கும் பாம்புக் காது. பட்டன் கையில் நிற்கவில்லை. ஆனால் ஒன்றுவிட்டு ஒரு கதவு திறக்கவே இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது. செருப்பு வெளியே கிடக்கிறது, ஃபேன் ஓடுகிறது. தட்டுகிறேன், என் மைக்செட் குரலில் கூப்பிடுகிறேன், கதவு அசையவில்லை. எனக்கு வந்ததே கோபம். நாலு காசு சம்பாதித்ததும் மனிதரை மதிக்கத் தெரியவில்லை பார் என்று வாய்விட்டே திட்டினேன். ஒரு கதவை மூன்று நாள் தட்டியும் திறக்கவில்லை என்றால் 'பதில் இல்லை' என்று டேப்லெட்டில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு அந்த வீடு திரையிலிருந்து மறைந்துவிடும். அப்படி மறைந்த வீடுகளில் ஒன்று மாடத்தியுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. வீட்டு எண்ணைத்தான் கம்ப்யூட்டர் சொல்லும், பெயரைச் சொல்லாது.

எங்கள் மேற்பார்வையாளர் சக்திகுமார் போனில் பேசினார். பொறுமையானவர். வடக்குப்பட்டில் காது நன்றாகத்தான் இருக்கிறது, இந்த அளவுக்கு டாக்டர் தேவைப்படாது போலிருக்கிறது, இரண்டு நாளில் கணக்கை முடித்துவிடலாம் என்றார். எனக்கு மாடத்தியின் முகம் வந்து நின்றது. திறக்காத வீடுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதே தெருவில் இருப்பவர்கள்தானே, திறந்த வீட்டுக்காரர் மாதிரியே திறக்காத வீட்டுக்காரரும் இருப்பார் என்று வைத்துக்கொள்வோம், எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்வது என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனசு மட்டும் ஆறவில்லை.

மறுநாள் அந்த வரிசைக் கடைசியில் இருக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். நேரம் உச்சி. தொண்டை எரிந்தது. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் உலகம் அணைந்துபோனது. காக்கை வாயைத் திறந்து மூடியது, சத்தம் இல்லை. ஒரகடம் ரோட்டில் கார் ஏற்றிய நீள லாரி ஒன்று நீரில் மிதக்கிற மாதிரி போனது. தலைக்கு மேலே வேப்பிலை அசைவதை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கழற்ற மனம் வரவில்லை. அப்படியே மரத்தில் சாய்ந்தேன், கண் சொக்கியது.

அந்தத் தெருவே ஏரிக்கு அடியில் போய்விட்ட மாதிரி இருந்தது. கதவுகளுக்குப் பின்னால் ஆண்கள் எல்லாம் பாயில் படுத்து மெதுவாக மிதக்கிறார்கள். நான் தட்டுகிறேன், என் கை தண்ணீரில் தட்டுகிறது. கூப்பிடுகிறேன், என் வாயிலிருந்து குமிழிதான் வருகிறது. அவர்கள் என்னை அவமதிக்கவில்லை, நான் வந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. எதற்கு என்று கனவிலும் புரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது எதிர் வரிசையில் மாடத்தி நடந்து வந்துகொண்டிருந்தாள். ஹெட்போன் இன்னும் என் காதில் இருந்தது. சத்தமில்லாத அந்த வெயிலில் அவள் வருவதும் கனவின் மிச்சம் மாதிரியே இருந்தது. நான் மூன்று நாள் தட்டிய கதவின் முன்னால் போய் நின்றாள். தட்டவில்லை. ஜன்னல் கம்பிக்கிடையே ஒரு பச்சை நைலான் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் பார்த்த கயிறுதான், அறுந்த கொடியாக்கும் என்று நினைத்திருந்தேன். அதைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் கண்ணைக் கசக்கியபடி நின்றான். அவன் கால் கட்டைவிரலில் அந்தக் கயிற்றின் மறுமுனை முடிச்சாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கூப்பிட்டாள் போலிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அவளே வந்து தோளைத் தொட்ட பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன். காக்கை, லாரி, யார் வீட்டு டிவியோ, எல்லாம் ஒரேயடியாகக் காதில் வந்து விழுந்தன. வயிற்றுப் பரிசோதனைக்காக அரைநாள் லீவு போட்டிருக்கிறாளாம். நான் அந்தக் கயிற்றைக் காட்டினேன்.

"அதுவாக்கா? அதான் எங்க காலிங் பெல்லு. பிரஸ் ஷாப்பு ஆளுக எல்லாரும் கட்டிக்கிட்டுத்தான் படுப்பாக. வெளியாளுக்குச் சொல்லப்படாதும்பாக, கம்பெனிக்குத் தெரிஞ்சிரும்னு."

அப்போதுதான் தலையைத் திருப்பி வரிசையைப் பார்த்தேன். நீலக் கயிறு, வெள்ளைக் கயிறு, கிழிந்த சேலைக் கரை, பழைய சார்ஜர் ஒயர். நான் திட்டிவிட்டுப் போன ஒவ்வொரு ஜன்னலிலும் ஒன்று தொங்கியது. காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஐயோ, இவ்வளவு சின்ன விஷயம். எனக்கும் தோன்றவில்லை, சக்திகுமாருக்கும் தோன்றவில்லை. நடுத்தெருவில் நின்றுகொண்டே அவருக்குப் போன் போட்டேன்.

"சார், காது கேக்கறவன்தான் சார் கதவைத் தொறந்துகினு கீறான். கேக்காதவன் உள்ள தூங்கிகினு கீறான். நம்ம கணக்குல அவனே இல்ல."

அடக் கடவுளே என்றார் அவர். டேப்லெட்டில் மறைந்த வீடுகளையெல்லாம் நாளை மாலை வரை திறந்துவிடுகிறேன், போய் எழுப்புங்கள் என்றார். எழுப்ப முடியாவிட்டால் பழைய கணக்குத்தான் போகும் என்றும் சொன்னார்.

மறுநாள் மாடத்தி லீவு போட்டுவிட்டாள். மாத போனஸ் போய்விடுமே என்றேன், போகட்டும் என்றாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு முன்னால் போனாள், நான் பெட்டியோடு பின்னால். அவள் இழுக்க இழுக்கக் கதவுகள் திறந்தன. என்ன சொல்வது, ஊரே மெல்ல மெல்லக் கண் விழிக்கிற மாதிரி இருந்தது. ஒரு அறையில் கொம்பையா என்று ஒருவர், பாம்பு என்று நினைத்துக் காலை உதறியதில் கயிறு அறுந்துவிட்டது. இன்னொரு வீட்டில் இழுத்ததும் முழுக் கயிறும் வெளியே வந்துவிட்டது, ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். மாடத்தி சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சில பேர் என் பெட்டியைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் பார்த்தார்கள். கம்பெனிக்குப் பெயர் போகாது என்று அவள்தான் அவர்கள் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். எல்லாரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கிதுரையைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். அவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினேன், பட்டனைக் கொடுத்தேன். கனமான சத்தங்களுக்கு அழுத்தினான். நானும் மாடத்தியும் அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கீச்சென்ற சத்தங்கள் ஆரம்பித்தன. கூட்டினேன். விரல் அசையவில்லை. இன்னும் கூட்டினேன். எனக்கே அது ஹெட்போனுக்கு வெளியே கசிந்து கேட்டது. மாடத்திக்கும் கேட்டிருக்கிறது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனோ இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்பது போல என்னைப் பார்த்து, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி பட்டனைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"பிள்ளை அழுகுறது இந்தச் சத்தந்தானக்கா?" என்று மாடத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. கருவி மாட்டினால் கேட்கும் என்றும் சொன்னேன், அது பொய்யில்லை.

சாயங்காலம் ஒரகடம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சக்திகுமார் கூப்பிட்டார். கணக்கு தலைகீழாகிவிட்டது என்றார். நேற்றுவரை பத்தில் ஒருவருக்குக்கூடக் காது மந்தம் இல்லை என்று இருந்தது, இப்போது வடக்குப்பட்டில் ஏறக்குறைய பாதிப் பேர். டாக்டர் வேண்டாம் என்று இனி யாரும் சொல்ல முடியாது, நான் எழுதிவிட்டேன், மழைக்காலத்துக்குள் வந்துவிடுவார் என்றார். மாடத்திக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் எனக்குப் பசியே தெரியவில்லை. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு குன்றத்தூர் வரை அரைத் தூக்கத்தில் வந்தேன். வழியெல்லாம் கயிறுகள் ஆடிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சாலமோன் இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம். வழக்கமாகப் பையைத் துழாவிச் சாவியை எடுத்துத் திறந்து, உள்ளே போகும்போதே கத்திக்கொண்டு போவேன். அன்றைக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. கையும் பழக்கத்தில் தானாகத் தட்டிவிட்டது. தட்டிவிட்டு நின்றேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து முனியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேரி, சாவி தொலைஞ்சிட்ச்சா? அவரு உள்ளதான கீறாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளேதான் இருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசை மேல் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. கதவுக்கும் அவருக்கும் நாலு எட்டுதான் இருக்கும். மூன்றாம் தடவை, உள்ளங்கையால் பலமாகத் தட்டினேன். சட்டையைத் திருப்பிப் போட்டு, கழுத்துப் பட்டியை நிதானமாகத் தேய்த்தார்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் முதுகுக்குப் பின்னால் பேசினால் பதில் வராது. எதிரே நின்று பேசினால் என் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். ஆசையாகப் பார்க்கிறார் என்று நானே உள்ளுக்குள் வெட்கப்பட்டிருக்கிறேன். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. குன்றத்தூரைக் கம்ப்யூட்டர் எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் இந்தக் கதவு திறந்திருக்காது. எங்கள் ஜன்னலில் கயிறுகூடக் கிடையாது. அந்தக் கயிற்றுக்குப் பதிலாக இத்தனை வருஷமும் என் தொண்டைதான் இருந்திருக்கிறது.

சாவி போட்டுத் திறந்தேன். கதவு எப்போதும் போலக் கிறீச்சிட்டது. அவர் திரும்பவில்லை. பக்கத்தில் போய், பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காத என் பழைய குரலில், "ஏங்க" என்றேன். அந்தக் குரலில் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்றோ. இஸ்திரிப் பெட்டி சட்டைக் கைமேல் போய்க்கொண்டே இருந்தது.

தோள்பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மாடத்தி என்னைத் தொட்ட மாதிரியே அவர் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"இன்னா மேரி, இன்னைக்கி சத்தமே போடாம வந்துகிற?" என்றார்.